தீர்த்தம் முந்திய தலம்: சிச்சென் இட்சாவும் யூகாத்தான் கிணறுகளும்

மெக்ஸிகோ தேசத்தின் தென்கிழக்கு மூலையில், ஒரு புறம் மெக்ஸிகோ வளைகுடாவும் மறு புறம் கரீபியக் கடலும் சூழ வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் யூகாத்தான் தீபகற்பத்துக்கு ஆண்டுதோறும் வந்து குவியும் உல்லாசப் பிரயாணிகளில் பலர், கான்கூன் கடற்கரை விடுதிகளில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும் நாட்களுக்கு நடுவே ஒரே ஒரு நாளைப் புராதன விஷயங்களுக்கென்று ஒதுக்கிவைக்கிறார்கள். அந்த ஒரு நாள் எவ்வாறு கழிய வேண்டும் என்பது, யார் ஏற்பாடு செய்தாலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நிச்சயமாகியிருக்கிறது. காலையில் விடுதி வாசலில் பஸ் வந்து நிற்கும். உயரமில்லாத காடு இருபுறமும் மதில்போல் தொடர்ந்து வர, வளைவே அபூர்வமான சாலையில் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, மாயர்களின் பாழ்நகரமாகிய சிச்சென் இட்சாவை அடையும். அங்கே வழிகாட்டி இரண்டு மணி நேரம் கதை சொல்லுவார். மத்தியானத்தில், வாழையிலையில் பொதிந்து வெந்த பன்றி இறைச்சியோடு விருந்து. பின்பு 'செனோட்டே' எனப்படும் இயற்கைக் கிணறு ஒன்றில் நீராட்டம். வயாதோலித் நகரச் சதுக்கத்தில் சிறிது உலாவல். இரவில் மறுபடியும் விடுதி. கான்கூன் அமைந்துள்ள மாநிலத்தின் கடிகாரம் யூகாத்தான் மாநிலத்தின் கடிகாரத்தைவிட ஒரு மணி முன்னால் ஓடுவதனால், காலையில் எல்லையைக் கடக்கும்போது லாபமாகக் கிடைத்த ஒரு மணி நேரம், மாலையில் அதே எல்லையில் கையைவிட்டுப் போய்விடும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பாகப்பிரிவினை நடந்திருக்கிறது: இடிபாடு அறிவுக்கு, கிணறு உடம்புக்கு. வழிகாட்டியின் பேச்சு கோபுரத்தோடு முடிந்துவிடுகிறது. கிணற்றங்கரையில் மிதவைச் சட்டையை எடுத்துக் கொடுப்பதோடும் பஸ் புறப்படும் நேரத்தைச் சொல்வதோடும் அவருடைய கடமை தீர்ந்துவிடுகிறது. மூர்த்தி, தலம், தீர்த்தம் என்ற வரிசையிலே எண்ணிப் பழகியவர்கள் யூகாத்தானில் அந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதும், அங்கே தீர்த்தம் கிடைத்த இடத்தைத் தேடித்தான் தலம் வந்து சேர்ந்தது என்பதும், மூர்த்தியும் அந்த நீருக்குள்ளேயே குடியிருப்பதாக நம்பப்பட்டது என்பதும், ஆகையால் நீராடும் கிணற்றை விட்டுவிட்டு நகரத்தை மட்டும் விளக்குவது வேரை விட்டு மரத்தை வருணிப்பதாகும் என்பதுமே இக்கட்டுரையின் வாதம்.

யூகாத்தானின் வடபாகத்தில் ஆறு என்று சொல்லத்தக்க ஒன்று தரைமேல் ஓடுவதில்லை. மழைக்குப் பஞ்சம் என்று இதற்குப் பொருளில்லை. மே மாதம் முதல் அக்டோபர் வரை நன்றாகவே பெய்கிறது. ஆனால் அந்தப் பூமி முழுதும் ஒரு காலத்தில் கடலடியிலே படிந்து உருவான சுண்ணாம்புப் பாறை. மேலே மண்ணோ ஒரு சாண் ஆழம்கூடப் பல இடங்களில் இல்லை. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று இலேசான அமிலத்தன்மை பெற்ற மழைநீர், பாறையின் வெடிப்புகள் வழியே இறங்கி, இறங்கிய வழியையெல்லாம் லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் கரைத்துக் கரைத்துக் குடைந்து, பூமிக்கடியில் மண்டபங்களையும் சுரங்கங்களையும் உண்டாக்கிவிட்டது. ஆறுகள் இல்லாமலில்லை, அவை பாதாளத்தில் ஓடுகின்றன. துலும் ஊரை அடுத்த சாக் அக்துன் என்னும் நீர்க்குகையையும் அதன் பக்கத்துக் குகையாகிய தோஸ் ஓஹோஸையும் இணைக்கும் வழியை 2018இல் மூழ்கு வீரர்கள் கண்டுபிடித்தபோது, அளந்தறியப்பட்ட அந்தச் சுரங்கங்களின் மொத்த நீளம் 347 கிலோமீட்டர் என்று கணக்காயிற்று.

இத்தகைய மண்டபத்தின் கூரை இடிந்து விழுந்த இடமே செனோட்டே. இடிபாட்டின் அளவை வைத்தே ஒரு கிணற்றின் வயதை ஒருவாறு ஊகிக்கலாம். வயாதோலித் அருகே த்ஸித்நுப் கிராமத்தில் உள்ள ஷ்கேகென் கிணற்றில் கூரையின் பெரும்பகுதி அப்படியே நிற்க, உச்சியில் ஒரு சிறு துவாரம் மட்டும் திறந்திருப்பதால், நண்பகலில் ஒரே ஒரு ஒளிக்கற்றை தூண்போல் இறங்கி நீலநீரைத் தொடுவதைக் காணலாம். அதைவிட முதிர்ந்தவற்றில் கூரை முழுதும் விழுந்து, செங்குத்தான சுவருடைய வட்டக் கேணியாகிவிட்டது. இன்னும் முதிர்ந்தவை கரை சரிந்து சாதாரணக் குளம்போல் ஆகிவிடுகின்றன. நீரில் மூழ்கிக் கிடக்கும் குகைகளுக்குள்ளே சுண்ணாம்பு விழுதுகள் தொங்குகின்றன. சொட்டுச் சொட்டாகக் காற்றுவெளியில் மட்டுமே வளரக்கூடிய அவை நீருக்கடியில் இருப்பதற்குக் காரணம், பனியுகத்தில் கடல்மட்டம் இன்றையதைவிட 100 மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்திருந்தபோது அக்குகைகள் வறண்டு கிடந்தமையே. 2007இல் ஓயோ நேக்ரோ என்ற ஆழ்குழியில் மூழ்கு வீரர்கள் கண்டெடுத்த பதின்வயதுப் பெண்ணொருத்தியின் எலும்புக்கூடு 12,000 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அமெரிக்கக் கண்டங்களில் அகப்பட்ட மிகப் பழைய மனித எலும்புக்கூடுகளுள் அதுவும் ஒன்று.

விண்கல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் எந்த வழிகாட்டியும் விடமாட்டார், சொல்லவேண்டியதுதான். சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இத்தீபகற்பத்தின் வடகரையில் வந்து மோதிய விண்கல் ஏறக்குறைய 180 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளத்தை உண்டாக்கிற்று. டைனசோர்களின் அழிவுக்கு அம்மோதலே முக்கிய காரணம் என்பதை இன்று விஞ்ஞானிகளில் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். பிற்காலத்துச் சுண்ணாம்புப் படிவங்களுக்கு அடியில் புதைந்துபோன அப்பள்ளத்தை, எண்ணெய் தேடும் பணியிலிருந்த க்ளென் பென்ஃபீல்டும் அந்தோனியோ கமர்கோவும் காந்தப்புல அளவீடுகளிலிருந்து அனுமானித்து 1981இல் அறிவித்தார்கள். மேலே வளர்ந்த பாறை, புதைந்த விளிம்பின்மீது தளர்ந்து வெடித்ததனால், அவ்விளிம்பை ஒட்டிக் கிணறுகள் அரைவட்ட மாலையாகத் தோன்றியிருக்கின்றன. இது வியக்கத்தக்க உண்மை. ஆயினும் தீபகற்பத்திலுள்ள ஆயிரக்கணக்கான கிணறுகள் எல்லாவற்றையும் விண்கல்லின் கணக்கிலேயே எழுதிவிடுவது மிகை. சிச்சென் இட்சா அந்த மாலைக்குக் கிழக்கே, வெளியே இருக்கிறது. அதன் கிணறுகளை உண்டாக்கியது மழையும் சுண்ணாம்பும் காலமுமேயன்றி வேறில்லை.

ஆறில்லாத நாட்டில் ஊர் எங்கே எழும்பும் என்ற கேள்விக்குக் கிணறே விடை. தெற்கே பூக் குன்றுப் பகுதியில் நீர்மட்டம் எட்டாத ஆழத்தில் இருந்தமையால், உஷ்மல் முதலிய நகரங்களை எழுப்பியவர்கள் பாறையில் ஜாடிபோன்ற நிலத்தடித் தொட்டிகளைக் குடைந்து, உள்ளே காரை பூசி, முற்றங்களில் விழும் மழையையெல்லாம் அவற்றில் சேமித்துக் காலம் தள்ளினார்கள். 'சுல்துன்' எனப்படும் அத்தொட்டியில் ஒரு பருவத்து மழை பொய்த்தாலே ஆபத்து. சிச்சென் இட்சாவுக்கு அந்தக் கவலை குறைவு. அதன் நடுவிலேயே இரண்டு பெருங்கிணறுகள் இருந்தன: ஷ்தோலோக் எனப்படுவது, படிகள் வெட்டி இறங்கிக் குடிநீர் எடுத்தது; மற்றொன்று, பெரிய கோபுரத்திலிருந்து சுமார் 300 மீட்டர் நீளமுள்ள உயர்ந்த வெண்பாதையால் இணைக்கப்பட்ட புனிதக் கிணறு, குடிப்பதற்கன்றிக் காணிக்கை இடுவதற்கே உரியது. இடிபாட்டின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், நகரின் தலையாய கட்டடங்கள் இவ்விரு நீர்நிலைகளுக்கும் இடையிலே நிற்பது தெளிவாகத் தெரியும். இன்னும் ஒரு படி மேலே போய், கோபுரத்தின் அடியிலேயே நீர் நிறைந்த வெற்றிடமொன்று இருப்பதற்கான அறிகுறிகளை மின்தடை அளவீட்டின் மூலம் கண்டதாக மெக்ஸிகோ தேசியப் பல்கலைக்கழகத்தார் 2015இல் தெரிவித்தார்கள்.

கோபுரத்தைப் பற்றி வழிகாட்டிகள் சொல்வதில் நம்பத்தக்கது எவ்வளவு? குகுல்கான் என்னும் சிறகுடைய சர்ப்பத்துக்குரிய அக்கோபுரம், உச்சியிலுள்ள ஆலயத்தோடு சேர்ந்து 30 மீட்டர் உயரமுடையது. நாற்புறமும் புறத்துக்கு 91 படிகள், மேல்தளத்தையும் கூட்டினால் 365. இந்தக் கணக்குத் தற்செயல் என்று வாதிப்பது கடினம். சம இரவு நாட்களின் மாலையில், வடபுறப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவர்மேல் ஒளி முக்கோணங்கள் வரிசையாய் விழுந்து, அடியிலுள்ள கல்நாகத்தலையோடு சேர்ந்து ஒரு பாம்பு இறங்கிவருவதுபோல் தோன்றுவதும் மெய்யே. ஆனால் அதே காட்சி முன்னும் பின்னும் பல நாட்கள் தென்படுவதால், அந்த ஒரு நாளைக் குறித்தே கட்டினார்கள் என்று சத்தியம் செய்வதற்கில்லை. இவற்றையெல்லாம்விட எனக்குச் சுவாரஸ்யமாகப் படுவது ஒரு சிறிய வேடிக்கை. வழிகாட்டி தம் குழுவை வடபுறப் படிகளுக்கு நேர் எதிரே, புல்தரையில் நிறுத்தி, ஒரு தடவை பலமாகக் கைதட்டுகிறார். திரும்பி வருவது கைதட்டும் ஓசையன்று. உச்ச ஸ்தாயியில் தொடங்கி வழுக்கிக் கீழிறங்கும் ஒரு கீச்சுக்குரல். கீழ்ப்படிகளிலிருந்து திரும்பும் எதிரொலிகள் நெருங்கி நெருங்கியும், மேலே போகப் போக இடைவெளி விட்டு விட்டும் காதை வந்தடைவதனால் சுருதி இறங்குகிறது என்று ஒலிநூலார் விளக்குகிறார்கள். அது கெட்சால் பறவையின் குரல் என்றும், அதற்கென்றே படிகளை அமைத்தார்கள் என்றும் வழிகாட்டி முடிக்கிறார். 1998இல் டேவிட் லப்மன் என்ற ஒலியியல் ஆராய்ச்சியாளர் இவ்வொற்றுமையை எடுத்துக்காட்டியது உண்மைதான்; ஆனால் ஒழுங்கான கற்படி வரிசை எதுவாயினும் ஏறக்குறைய இப்படித்தான் கீச்சிடும். கெட்சால் பறவையோ யூகாத்தான் காட்டில் வசிப்பதே இல்லை. அதன் பச்சை இறகுகள்தான் தெற்கத்தி மலைநாட்டிலிருந்து வியாபாரத்தில் வந்தன.

வெண்பாதை வழியே வடக்கே நடந்தால் புனிதக் கிணறு. இருமருங்கிலும் கடை பரப்பியிருக்கும் பிஸ்தே முதலிய பக்கத்து ஊர் மாயர்கள், ஊதினால் புலி உறுமுவதுபோல் ஒலிக்கும் மரக்குழல்களை விடாமல் ஊதிக்கொண்டிருப்பார்கள். பாதை முடியுமிடத்தில் சட்டென்று பூமி விலகி, சுமார் 60 மீட்டர் விட்டமும் 20 மீட்டருக்கு மேற்பட்ட செங்குத்துச் சுவரும் உடைய பெரும் வட்டத்தின் அடியில், பாசியால் பச்சையாகிப்போன அசைவற்ற நீர் தெரிகிறது. இங்கே யாரும் நீராட அனுமதியில்லை. வழிகாட்டிகளில் சிலர் வெயிலுக்கு அஞ்சி இவ்வளவு தூரம் அழைத்து வருவதேயில்லை. நகரத்தின் உயிர்நிலையைக் காணாமலே திரும்புகிறவர்கள் இவ்வாறு பலர்.

கன்னிப்பெண்களை அலங்கரித்து மழைத் தெய்வமாகிய சாக்குக்கு இக்கிணற்றில் தள்ளினார்கள் என்ற கதை உலகப் பிரசித்தம். 1562இல் மானி என்ற ஊரில் மாயர்களின் சுவடிகளையும் விக்கிரகங்களையும் குவித்துக் கொளுத்திய தியேகோ தெ லாந்தா என்னும் பாதிரியாரே, பின்பு அம்மக்களின் வழக்கங்களை எழுதிவைத்த முதன்மையான ஆசிரியராகவும் விளங்கினார் என்பது சரித்திரத்தின் விபரீதம். வறட்சிக் காலத்தில் இக்கிணற்றில் மனிதரை உயிரோடு எறிந்தார்கள் என்று எழுதியவர் அவர். அவர் நூலைப் படித்து ஆவல்கொண்ட எட்வர்ட் தாம்சன் என்ற அமெரிக்கத் தூதர், இடிபாடுகள் அடங்கிய பண்ணையையே விலைக்கு வாங்கி, 1904 முதல் தூர்வாரும் இயந்திரத்தாலும் பின்பு கிரேக்க நாட்டு மூழ்கு வீரர் துணையோடு தாமே இறங்கியும் கிணற்றைத் துழாவினார். சேற்றிலிருந்து வெளிப்பட்டவை: குவாதமாலாவின் பச்சைக்கல், தூர தெற்கிலுள்ள பனாமாவின் பொன், குங்கிலியம்போன்ற கோபால் பிசின் உருண்டைகள், ரப்பர், துணித்துண்டுகள், எலும்புகள். ஒரு பிராந்தியத்தின் காணிக்கை என்று இதைக் கருத இயலாது. அரைக்கண்டமே யாத்திரை வந்து போன தலத்தின் கணக்கேடு இது. பொருள்களோ ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பீபடி அருங்காட்சியகத்துக்குச் சென்றன. மெக்ஸிகோ அரசாங்கம் 1926இல் வழக்குத் தொடுத்தது. 1944இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே, அக்காலச் சட்டத்தில் தடை தெளிவாக இல்லை என்ற காரணத்தால், ஏற்கெனவே காலமாகிவிட்ட தாம்சனின் வாரிசுகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பிற்காலத்தில் ஒரு பகுதியை மட்டும் அருங்காட்சியகத்தார் திருப்பித் தந்தார்கள்.

எலும்புகளை ஆராய்ந்தவர்கள் கன்னிப்பெண் கதையை ஆதரிக்கவில்லை. அவற்றில் ஆண்களும் இருந்தார்கள், குழந்தைகளும் மிகுதியாக இருந்தார்கள். 2024இல் வெளியான மரபணு ஆராய்ச்சி ஒன்று கதையை இன்னும் முற்றாகக் குலைத்துவிட்டது. புனிதக் கிணற்றுக்கு அருகில் 1967இல் அகப்பட்ட சுல்துன் தொட்டியொன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எலும்புகள் குவிந்திருந்தன. அவற்றுள் 64 பேரின் மரபணுவை எடுத்துப் பார்த்தபோது அனைவரும் ஆண் குழந்தைகள். ஒரே கருவில் பிறந்த இரட்டையர் இரண்டு ஜோடி. நெருங்கிய உறவினர் வேறு பலர். மாயர்களின் புராணத்தில் பாதாளம் சென்று மீளும் இரட்டை வீரர்களை இது நினைவூட்டுகிறது என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். அதே ஆராய்ச்சி, திஷ்காகால்துயுப் என்ற இக்காலக் கிராமத்து மக்களின் மரபணுவோடு அக்குழந்தைகளின் மரபணுவை ஒப்பிட்டுத் தொடர்ச்சி இருப்பதையும் நிறுவிற்று. 'மர்மமாக மறைந்துபோன மாயர்' என்று விளம்பரங்களில் எழுதுகிறவர்கள், யூகாத்தான் மாய மொழியை இன்றும் ஏழரை லட்சம் பேருக்கு மேல் பேசுகிறார்கள் என்பதையும், பல சமயங்களில் பஸ் ஓட்டுகிறவரே அவர்களுள் ஒருவர் என்பதையும் கவனிக்கவேண்டும்.

கிணற்றடியில் அகப்பட்ட இன்னொன்று எலும்பையும் பொன்னையும்விட எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. சேற்றின் மத்தியில் சுமார் 14 அடி கனத்துக்கு நீல நிறப் படிவம் ஒன்று இருந்தது. மாய நீலம் எனப்படும் அவ்வண்ணம், அவுரி இனச் செடியிலிருந்து எடுக்கும் நீலச் சாயத்தைப் பாலிகோர்ஸ்கைட் என்ற வெண்களிமண்ணோடு கலந்து சூடேற்றினால் கிடைப்பது. சாயம் களிமண்ணின் நுண்துளைகளுக்குள் சிக்கிக்கொள்வதால் வெயிலோ அமிலமோ அதை எளிதில் வெளுக்கச் செய்வதில்லை. கிணற்றிலிருந்து எடுத்துச் சிகாகோ அருங்காட்சியகத்தில் வைத்திருந்த, கோபால் பிசின் நிறைந்த ஒரு கிண்ணத்தை 2008இல் டீன் ஆர்னல்டும் அவருடைய கூட்டாளிகளும் சோதித்தபோது, பிசினுக்குள்ளேயே சாயமும் களிமண்ணும் இருக்கக் கண்டார்கள். சாயம், களிமண், பிசின் மூன்றையும் கிணற்றங்கரையிலே தூபமாக எரித்து, அப்புகையின் சூட்டிலேயே மழைத் தெய்வத்தின் நிறத்தைப் படைத்துக் காணிக்கைகளின்மேல் பூசினார்கள் என்பது அவர்கள் முடிவு. பூசிய பாண்டங்களும் உடல்களும் நீரில் விழ, கரைந்த நீலம் தலைமுறை தலைமுறையாக அடியில் படிந்தது. எத்தனை வேண்டுதல்கள் செய்திருந்தால் 14 அடி நீலம் சேரும் என்று எண்ணிப்பார்க்கவேண்டும்.

அந்த வேண்டுதல்களுக்குக் காரணம் இருந்தது. தீபகற்பத்தின் நடுவிலுள்ள சிச்சன்கனாப் ஏரியின் அடிப்படிவத்தை 1995இல் ஆராய்ந்த டேவிட் ஹோடெல் முதலியோர், கி.பி. 800க்கும் 1000க்கும் இடையில் கடும் வறட்சி நிலவியதைக் கண்டார்கள். அதே ஏரியின் ஜிப்சம் படிகங்களில் அடைபட்டிருந்த நீரை வைத்து 2018இல் நடந்த ஆராய்ச்சி, அக்காலத்து ஆண்டு மழை ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாகக் கணக்கிட்டது. தெற்கத்தி நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறிச்சோடிய அதே நூற்றாண்டுகளில் வடக்கே சிச்சென் இட்சா தழைத்தது. போரும் வாணிபமும் இதில் பங்குபெற்றிருக்கும். வறட்சி ஒன்றையே எல்லாவற்றுக்கும் காரணமாக்குவது நியாயமாகாது. ஆனாலும் வானம் பொய்த்த காலத்தில் வற்றாத நீர்நிலை உடைய நகரம், நீருக்காக மட்டுமின்றி நீரைத் தருவதாக நம்பப்பட்ட தெய்வத்துக்காகவும் எல்லோரும் நாடிவரும் இடமாயிற்று என்று கொள்வதில் தவறில்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டு நீராடப் போகிறவனுக்கு அந்த ஒரு மணி நேரம் வேறாகத்தான் இருக்கும். பெரும்பாலான பஸ்கள் அருகிலுள்ள இக் கில் கிணற்றுக்குச் செல்கின்றன. முதலில், மேனியில் தடவிய வெயில் களிம்பு நீரில் கரையாமலிருக்கத் தண்ணீர்க் குழாயடியில் நின்று குளிக்கவேண்டும். பாறையைக் குடைந்த ஈரப் படிகளில் சுமார் 26 மீட்டர் இறங்கினால், மேலேயுள்ள மரங்களின் வேர்கள் கயிறு கயிறாகச் சுவரை விட்டு விலகி, வட்ட வானத்திலிருந்து நீரின் முகம் வரை தொங்குவதைக் காணலாம். நீர் குளிர்ந்திருக்கிறது; கறுத்த கெளிறு போன்ற மீன்கள் காலடியில் திரிகின்றன. கால் எட்டும் தரை எங்கும் கிடையாது. நகரத்தை எழுப்பியவர்கள் மொண்டு குடித்ததும் இந்த நீரின் உறவான நிலத்தடி நீரே. தீபகற்பத்தின் ஊர்களும் விடுதிகளும் இன்று குழாயில் பெறுவதும் அதுவே.

கவலைக்குரிய விஷயமும் அங்கேதான் இருக்கிறது. மண் வடிகட்டி இல்லாத சுண்ணாம்புப் பூமியில் மேலே ஊற்றியது கீழே சேர நாட்கணக்கில்கூட ஆவதில்லை. நன்னீரோ கனமான கடல்நீரின்மேல் ஒரு படலமாக மிதந்துகொண்டிருப்பது. மெரிதா போன்ற பெரிய நகரத்திலும் பெரும்பாலான வீடுகளின் கழிவு, குழாய்ச் சாக்கடைக்குப் போகாமல் அந்தந்த வீட்டுத் தொட்டிகளுக்கே போகிறது. கான்கூனுக்கும் துலுமுக்கும் இடையே மாயா ரயிலுக்காக உயர்த்திக் கட்டிய பாதையின் இரும்புத் தூண்கள், குகைகளின் கூரையைத் துளைத்து நீருக்குள் இறங்கி நிற்பதை மூழ்கு வீரர்கள் படம் பிடித்துக் காட்டியிருக்கிறார்கள்.

சிச்சென் இட்சாவுக்கு மேற்கே, கிணற்று மாலையின்மேலேயே அமைந்த ஓமுன் என்ற சிற்றூரின் வழக்கு இவ்விஷயத்தில் குறிப்பிடத்தக்கது. 2013இல் அரசாங்கம் நீர்க்காப்பு எல்லையாக அறிவித்த பகுதிக்குள்ளேயே, 49,000 பன்றிகளை வளர்க்கும் பண்ணை ஒன்று அங்கே தொடங்கப்பட்டது. ஊரார் தாங்களே கூடி வாக்கெடுத்து அதை மறுத்தார்கள். பின்பு ஊர்ச் சிறுவர் சிறுமியர் சிலரின் பெயரிலேயே, வருங்காலத்தின் நீருக்கு உரியவர்கள் அவர்கள் என்ற நியாயத்தின்மேல் வழக்குத் தொடுக்கப்பட்டு, 2018இல் நீதிபதி பண்ணையை நிறுத்திவைத்தார். 2021இல் நாட்டின் உச்ச நீதிமன்றமும் அத்தடையை உறுதிசெய்தது. ஓமுனில் பெரிய பஸ்கள் அதிகம் நிற்பதில்லை. சதுக்கத்தில் காத்திருக்கும் மூன்று சக்கர மோட்டார் வண்டிக்காரர்கள், பேரம் பேசி ஏற்றிக்கொண்டு, ஒரே பிற்பகலில் மூன்று நான்கு கிணறுகளுக்கு அழைத்துச் செல்வார்கள். ஒவ்வொரு கிணற்றிலும் அந்த நிலத்துக்குரிய குடும்பத்தில் ஒருவர் நுழைவுக் கட்டணம் வாங்குவார். பன்றிப் பண்ணையை எதிர்த்து நின்றவர்கள் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தாரும் வண்டிக்காரர்களுமே.